காரணம் சொல்லி இட்ட பெயர்

பரங்கிமலையில் மின்தொடர் வண்டி ஏறித் தாம்பரம் வரை செல்வோர் வழியில் நிற்கும் நிலையங்களின் பெயர்களை ஒருமுறை ஊன்றிக் கவனித்தல் நலம். 1931ஆம் ஆண்டு முதல் மின்வண்டி ஓடும் அப்பாதையில் ஒவ்வொரு பெயரும் ஒரு வரலாற்றைச் சொல்லும். போர்த்துக்கீசியராகிய பரங்கியர் 1523ஆம் ஆண்டு உச்சியில் அன்னை மரியாவுக்கு ஆலயம் எழுப்பிய மலை பரங்கிமலையாயிற்று. பல்லவபுரம் என்ற பழம்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து பல்லாவரமாயிற்று. குரோம் உப்பால் தோல் பதனிட்ட ஆலையொன்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு குரோம்பேட்டையாயிற்று. அன்றாடம் அவ்வழியே பணிக்குச் செல்வோர் இவற்றையெல்லாம் நினைப்பதில்லை. அவர்களுக்கு அவை இறங்குமிடத்தின் அடையாளங்கள், அவ்வளவே.

நன்னூல் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுத்துக் காட்டும். காரணம் விளங்க வழங்குவது காரணப்பெயர். காரணம் புலப்படாது மரபாக வழங்குவது இடுகுறிப்பெயர். காரணத்தோடு பிறந்த பெயர் அக்காரணத்தைச் சொல்வார் இல்லாதபோது இடுகுறியாய் மாறிவிடுகிறது. ஊர்ப்பெயருக்கு நேரும் இந்நிலை மக்கட்பெயருக்கும் நேர்கிறது. அதிலும் நம் பெண்மக்களின் பெயர்களுக்கு மிகுதியாகவே நேர்ந்திருக்கிறது. அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமுழுக்குக்கு நாள் குறிக்கப் பங்கு அலுவலகம் வரும் இளம் பெற்றோர் பலர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஏழெட்டுப் பெயர்கள் எழுதியிருக்கும். ஒலி இனிமையாக இருக்கிறதா, எந்த மொழியிலிருந்து வந்தது, பொருள் என்ன என்னும் மூன்று வினாக்களை அவர்கள் நம்மிடம் எழுப்புவர். ஒலி, மூலம், பொருள் என்னும் இம்மூன்றும் இன்று தோன்றிய கவலைகள் அல்ல. தமிழகத் திருச்சபை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இம்மூன்றோடும் வழக்காடி வந்திருக்கிறது.

முதலில் வந்தது ஒலி. 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றபோது, போர்த்துக்கீசிய நாவில் வழங்கிய புனிதர் பெயர்களே அவர்களுக்கு இடப்பட்டன. 1542இல் அக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், தாம் திருமுழுக்கு அளித்த ஒவ்வொருவருக்கும் அவரது புதுப்பெயரை எழுதிக்கொடுத்ததாக 1545ஆம் ஆண்டு மடல் ஒன்றில் குறித்துள்ளார். பெயருக்கு உரியவரே முன்பு கேட்டறியாத ஒலி அது. நாவிலும் நெஞ்சிலும் நிலைக்க எழுத்தின் துணை வேண்டியிருந்தது போலும்! பின்னர் அன்றிக் அடிகளார் புனிதர்தம் வரலாறுகளைத் தமிழில் தொகுத்து 1586இல் அச்சிட்டார். அதன்பின் அப்பெயர்களுக்கு உரியவர் யார் என்பதைத் தமிழர் தம் மொழியிலேயே படித்தறிய வழி பிறந்தது.

அயல் ஒலியை நம் முன்னோர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. மரியா என்ற பெயரோடு தாயைக் குறிக்கும் ஆயியைச் சேர்த்து மரியாயி என்றனர். அம்மாளைச் சேர்த்து மரியம்மாள் என்றனர். சவேரியாரின் பெயர் சவரியம்மாள் ஆயிற்று; அந்தோணியார் பெயர் அந்தோணியம்மாள் ஆயிற்று; செபஸ்தியார் பெயர் செபஸ்தியம்மாள் ஆயிற்று. ஆண் புனிதரின் பெயருக்குப் பெண் ஈறு கொடுத்து அதைத் தம் வீட்டுப் பெயராக்கிய திறம் எளிய மக்களுடையது. பின்னாளில் ஆங்கிலம் மேலோங்கிய காலத்தில் மரி மேரியாக மாறினாள். ஆகவே ஒரு குடும்பத்தில் பாட்டி மரியாயி, தாய் ஆரோக்கியமேரி, மகள் மரியா என்று மூன்று தலைமுறைக்கு மூன்று ஒலிகள் இருப்பின், அம்மூன்றிலும் இருப்பவர் ஒருவரே.

அடுத்து வந்தது பொருள். பவுல் என்னும் பெயருக்கு இலத்தீனில் சிறியவர் என்பது பொருள். எனவே அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்னும் எபிரேயப் பெயர் ஆண்டவரின் அருளைக் குறிப்பது. எனவே அவர் அருளப்பர் ஆனார். வீரமாமுனிவர் இம்முறையைக் காப்பிய அளவுக்கு உயர்த்தினார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியில் யோசேப்பு வளன் என்னும் பெயரால் தலைவராய் நிற்கிறார். பெருகச் செய்தல் என்னும் எபிரேயப் பொருளின் நிழல் அத்தமிழ்ச் சொல்லில் படிந்திருக்கிறது. திருமுழுக்கு யோவான் அங்கே கருணையன் ஆகிறார். ஒலி மாறியது, பொருள் மாறவில்லை. தமிழ்க்குழந்தை ஒன்று அப்பெயரைக் கேட்டவுடனே அதன் பொருளை உணர முடிந்தது.

இதற்கு மாறான குரலும் திருச்சபைக்குள் இருந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், திருமுழுக்குப் பெறுவோருக்கு உரோமை மறைச்சாட்சியர் ஏட்டில் உள்ள புனிதரின் பெயரே இடப்பட வேண்டும், பிற தெய்வங்களின் பெயர் இடலாகாது என்று விதித்தார். மலபார்ச் சடங்குகள் பற்றிய நெடிய வழக்கில் இதுவும் ஒரு கூறு. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணைமடல் அவ்வழக்கை முடித்துவைத்தது. இங்கே மேலோங்கி நின்றது மூலம். பெயர் எங்கிருந்து வருகிறது என்பதே முதன்மையான வினாவாயிற்று.

ஆயினும் மறுஆண்டே, 1745 மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் நீலகண்டர் என்பார் திருமுழுக்குப் பெற்றபோது நிகழ்ந்ததைக் காண்க. லாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருள் கடவுள் உதவினார் என்பது. அதனைத் தமிழ் வழக்கில் பெயர்த்துத் தேவசகாயம் என்றனர். அவர்தம் துணைவியார் பார்கவி அம்மையார் தெரேசா என்னும் பெயருக்கு ஈடாக ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயரின் மூலப்பொருளைப் பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் ஞானப்பூ என்ற தமிழ்ப்பெயரைக் கேட்பார்க்கு அகராதி வேண்டுவதில்லை. மூலமும் பொருளும் ஒன்றோடொன்று கைகோக்க இயலும் என்பதற்கு அவ்விணையர் சான்று. தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். எந்தப் புனிதர் ஏட்டிலிருந்து பெயர் எடுக்க வேண்டும் என்று அன்று விதிக்கப்பட்டதோ, அப்புனிதர் வரிசையில் இன்று ஒரு தமிழ்ப்பெயரே இடம்பெற்றுவிட்டது!

பெண்மக்களைப் பொறுத்தவரை இம்மரபில் வளம் மிக்க ஊற்று அன்னை மரியாவின் திருப்பெயர்கள். வேளாங்கண்ணி அன்னையால் ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சி அன்னையால் அடைக்கலமேரி. கோணான்குப்பத்து அன்னையால் பெரியநாயகி. தூத்துக்குடி அன்னையால் பனிமயமேரி. இடைவிடாச் சகாய அன்னையால் சகாயமேரி. 1854இல் அமல உற்பவம் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. 1858இல் லூர்து நகரில் அன்னை காட்சியளித்தார். அமலோற்பவ மேரிகளும் லூர்து மேரிகளும் நம் பதிவேடுகளில் மலிந்தமைக்குக் காரணம் இதுவே. இப்பெயர்களுள் பெரும்பாலானவை வேண்டுதலில் பிறந்தவை. நோய் தீர்ந்ததற்காக ஆரோக்கியம், புகலிடம் கிட்டியதற்காக அடைக்கலம் என்று ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் உண்டு. இன்று புறநகர் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நம் பெண்கள் சிலர் அப்பெயர்களைப் பழமையென நாணி, முதலெழுத்துக்குள் ஒளித்து வைக்கின்றனர். அவர்களைக் குறைகூறுமுன், அப்பெயர் ஏன் இடப்பட்டது என்று அவர்களுக்கு எவரேனும் சொல்லியதுண்டா என்று நாம் கேட்டாக வேண்டும்.

பெயரைப் பொருளால் பெயர்க்கும் முயற்சி நம் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. தாம்பரத்துக்கு அண்மையிலேயே அதன் இன்னொரு வரலாறு நிகழ்ந்தது. இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல்தான் அங்கே குடிபெயர்ந்தது. அதற்கு முன் அது சென்னை நகருக்குள் இருந்த காலத்தில் அங்கே தமிழ் கற்பித்த சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழில் ஆக்கிக்கொண்டார். அதே கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த வேதாசலம் 1911இல் அதைவிட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் அங்கே அவர் தம் மகள் நீலாம்பிகையோடு உலவியபோது வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடினாராம். அதில் வந்த தேகம் என்ற சொல்லுக்கு மாற்றாக யாக்கை என்ற தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் இன்னும் சிறக்குமே என்று தந்தை சொல்ல, அயற்சொற்களை ஏன் பயன்படுத்த வேண்டும் என்று மகள் வினவ, தனித்தமிழ் இயக்கம் அவ்வுரையாடலில் கருக்கொண்டது என்பர். மகளுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அதன்பின் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். மக்களின் பெயர்களும் மாறின. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு எனப்பட்டார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். பொருள் ஓரிழையும் குறையாத மொழிபெயர்ப்பு இது. எனினும் முந்நகரழகி என்னும் பெயரைத் தம் மகளுக்கு வைத்த வேறு பெற்றோரை நாம் கண்டதில்லை. தனித்தமிழுக்கு வித்திட்ட வினாவை எழுப்பி, பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் காட்டும் அகரவரிசையைத் தொகுத்த மூத்த மகளை வரலாறு இன்றும் நீலாம்பிகை அம்மையார் என்றே அழைக்கிறது. பொருள் எவ்வளவு செம்மையாயினும், மக்கள் நாவில் இனிது புரளும் ஒலி இன்றேல் பெயர் வேரூன்றாது என்பது ஒரு பாடம். பெயரின் மூலம் எதுவாயினும், அதனைச் சுமப்பவரின் வாழ்வே அதற்குப் பெருமை சேர்க்கும் என்பது மற்றொரு பாடம். ஆயினும் அவ்வியக்கத்தின் நற்பயன் நம் இல்லங்களுக்கும் வந்தது. அருள்மொழி, அன்பரசி, விண்ணரசி முதலிய பெயர்கள் இன்று நம் திருமுழுக்குப் பதிவேட்டில் தயக்கமின்றி இடம்பெறுகின்றன.

திருச்சபையின் சட்டமும் இதற்கிடையே ஒரு பயணம் செய்திருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குழந்தைக்குக் கிறித்தவப் பெயர் இடப்படுமாறு பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும், பெற்றோர் இணங்காவிடில் அவர்கள் விரும்பிய பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் ஏட்டில் பதிய வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் விதியோ, கிறித்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. ஏட்டில் உள்ள பெயரா என்ற வினா, உணர்வுக்கு ஏற்ற பெயரா என்ற வினாவாக மாறியது. பொறுப்பும் பெற்றோரிடத்தே முதலில் வைக்கப்பட்டது.

கிறித்தவ உணர்வு என்பதை மேனாட்டு ஒலி என்று நம்மவர் சிலர் பொருள்கொண்டு விடுகின்றனர். தமிழ்ப்பெயரைக் கண்டு இது பிற சமயத்தார் பெயர் ஆயிற்றே என ஐயுறுவோர், டயானா என்றால் மகிழ்ந்து ஏற்கின்றனர். டயானா உரோமையரின் வேட்டைத் தெய்வம். திருத்தூதர் பணிகள் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எபேசு நகரத்துத் தட்டார் எந்தத் தெய்வத்தின் பொருட்டுப் பவுலுக்கு எதிராகக் கலகம் விளைத்தனரோ, அத்தெய்வத்தின் இலத்தீன் பெயரே அது. அப்பெயருடைய நம் சகோதரியர் இதனால் வருந்த வேண்டுவதில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் பவுலடியார் உயர்வாகப் பேசும் பெபேயா என்னும் திருத்தொண்டரின் பெயரும் கிரேக்கத் தெய்வக் கதைகளிலிருந்து வந்ததே. ஒளி மிக்கவள் என்பது அதன் பொருள். பவுலடியார் அப்பெயரை மாற்றச் சொல்லவில்லை. பெபேயாவின் தொண்டே அப்பெயரைத் திருச்சபைக்கு உரியதாக்கிற்று.

பொருளைத் தேடுவோர் இன்னொன்றையும் அறிதல் நன்று. மரியா என்ற எபிரேயப் பெயருக்கு முற்காலத்தார் கூறிய விளக்கங்களுள் ஒன்று கடல்துளி என்பது. இலத்தீனில் துளியைக் குறிக்கும் ஸ்தில்லா என்ற சொல், ஏடு பெயர்த்து எழுதியோர் கையில் விண்மீனைக் குறிக்கும் ஸ்தெல்லா ஆயிற்று என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறு பிறந்ததே கடலின் விண்மீன் என்னும் அன்னையின் திருப்பெயர். 1947இல் தோன்றிய சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி தாங்கி நிற்பதும், நம் வீடுகளில் எத்தனையோ ஸ்டெல்லாக்கள் தாங்கி நிற்பதும் அப்பெயரையே. ஓரெழுத்துப் பிழையில் பிறந்திருக்கலாம். ஆயினும் இரவில் கரை தேடிய கடலோடிகள் அதை நம்பி வேண்டினர். அந்த நம்பிக்கை பிழையன்று.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பொருள் அகராதியில் இருக்கிறது. காரணம் பெற்றோர் நெஞ்சில் இருக்கிறது. முன்பு அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த தாயர், பிழைத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றனர். பிறரிடம் பிச்சையாய்ப் பெற்றதுபோல் பாவித்துப் பிச்சையம்மாள் என்றனர். அகராதியில் பார்த்தால் இழிந்த பொருள். காரணத்தைக் கேட்டாலோ சாவின் கண்ணில் படாமல் மகளை மறைக்க முயன்ற தாயின் பேரன்பு!

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. பெண்குழந்தைகளே பிறந்த வீட்டில் அடுத்ததாவது ஆணாகட்டும் என்று போதும்பொண்ணு எனப் பெயரிடும் வழக்கம் தமிழகத்தில் இருந்து வந்திருக்கிறது. திருத்தணி வட்டாரத்துச் சிற்றூர்களில் வேண்டாம் என்றே பெண்ணுக்குப் பெயரிடுவதுண்டு. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்னும் பொருள்பட நக்குஷி என்றழைக்கப்பட்ட 285 சிறுமியருக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் அழைக்கப்படும்போதெல்லாம் நீ வேண்டாதவள் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நம் கிறித்தவ இல்லங்களில் அத்தகைய பெயர் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மூன்றாவது பெண்ணுக்குத் திருமுழுக்குக் கேட்டு வருவோர் முகத்தில் ஒளி குன்றியிருப்பின், எந்த நற்பெயர் இட்டாலும் அக்குழந்தை உள்ளே கேட்பது அந்தப் பழைய பெயரைத்தான் அன்றோ?

இரு பெயர்களைச் சுமக்கும் பெண்மக்களையும் இங்கே மறத்தலாகாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்கான உரிமைகளை இந்து சமயத்தார்க்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. இதனால் ஆலய ஏட்டில் ஒரு பெயரும் பள்ளி ஏட்டில் வேறொரு பெயருமாக வளரும் பெண்கள் நம்மிடையே உளர். சென்னை மயிலையிலிருந்து பிரிந்து 2002இல் தோன்றிய செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் பணியாற்றும் எவரும் இதனை அறிவர். ஒரு பெயரில் செபித்து இன்னொரு பெயரில் தேர்வெழுதும் அப்பெண்ணிடம் பெயரின் இனிமையைப் பற்றி நாம் எளிதாகப் பேசிவிட இயலாது. அவளுக்குப் பெயர் நீதியோடு தொடர்புடையது.

பெற்றோர்க்கு உலகியல் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லையெனில் பெயரின்றியும் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க இடமுண்டு. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், அந்நாள் முதற்கொண்டு பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழையே அடிப்படையாக்கியுள்ளது. ஆதலால் பிறப்புச் சான்றிலும் திருமுழுக்குச் சான்றிலும் பெயர் ஒன்றுபோல் இருத்தல் நலம். எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்துகளை மிகுவிப்பதும் குறைப்பதும் இறைவனின் பராமரிப்பை நம்புவோர்க்கு ஏற்றதன்று. குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் எழுத்துத் திருத்தும் வேலையையே அது தரும். யாழினி, அருள்விழி போல ழகரம் வரும் பெயரை இடுவோர் அவ்வெழுத்தைத் தம் வாயால் திருத்தமாக ஒலித்துக் காட்டட்டும். பெற்றோரே யாளினி என்றழைத்தால் ஊரார் எங்ஙனம் திருத்தமாய் அழைப்பர்?

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு பெயரிடு விழா வருகிறது. உற்றாரும் அண்டை வீட்டாரும் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இட முனைகின்றனர். அப்போது மறுத்துப் பேசுபவர் தாயாகிய எலிசபெத்து. குழந்தையின் பெயர் யோவான் என்கிறார். உங்கள் உறவினருள் அப்பெயருடையார் எவருமில்லையே என்று அவர்கள் வழக்காடுகின்றனர். அவர்கள் கேட்டது மூலம். எலிசபெத்து அறிந்திருந்ததோ காரணம். முதுமையில் தமக்குக் கிட்டிய பேரருளை அப்பெயர் தாங்கியிருந்தது. பேச்சிழந்திருந்த தந்தையும் எழுதுபலகையில் அதனையே எழுதுகிறார். அக்கணமே அவரது நாவு கட்டவிழ்கிறது.

நாம் மகளுக்கு இடும் பெயரும் அத்தகையதாகட்டும். ஒலி இனிதாயிருக்கட்டும், பாட்டியும் அயலாரும் இடறாமல் அழைக்கட்டும். மூலம் எம்மொழியாயினும் அதனைக் கேட்டறிந்து இடுவோம். பொருள் நற்பொருளாய் இருக்கட்டும். இம்மூன்றையும் தேடிய பின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது பல ஆண்டுகள் கழித்துச் செய்ய வேண்டியது. மகள் கேட்டு விளங்கும் வயதை எட்டும்போது அவளை அருகில் அமர்த்தி, எந்த மருத்துவமனையில், எந்த வேண்டுதலின் நடுவே, எவரை நினைத்து, என்ன நம்பிக்கையோடு அப்பெயரை இட்டோம் என்று தாயும் தந்தையும் சொல்ல வேண்டும். உலகம் அவளை வெறும் இடுகுறியால் அழைக்கும். அதற்கொரு காரணம் உண்டென்று அறிந்த பெண், தன் பெயர் அழைக்கப்படும்போது நிமிர்ந்து நிற்பாள்.